138 போட்டிருந்தால் பழசு, 99 என்றால் புதுசாம்!

ஆன்லைன் விண்ணப்ப ஃபாரத்தைத் திறந்தாலே பிரவுசரைச் சோதிக்கிற அந்த ஸ்கிரிப்டை எவன்யா எழுதியது?

"உங்கள் பிரவுசர் மிகப் பழையது. குரோம் 80 அல்லது அதற்கு மேல் பயன்படுத்தவும்." என் பிரவுசிங் சென்டர் சிஸ்டத்தில் இருப்பது குரோம் 138. இன்றுதான் கடைசி தேதி. புளியரையிலிருந்து வந்த அண்ணாச்சி ஆதாரும் போட்டோவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். "தம்பி, பொட்டி பழசோ?" என்று ஒரு கேள்வி வேறு.

ரெஃப்ரெஷ் செய்தேன். பழையது. பிரவுசர் சேமித்து வைத்திருந்த கேஷை அழித்தேன். பழையது. எட்ஜில் திறந்தேன், அதன் யூசர் ஏஜென்டிலும் (பிரவுசர் தன் பெயரையும் வெர்ஷனையும் தளத்துக்குச் சொல்லும் வரி) குரோம் என்று இருக்குமே, அதற்கும் அதே தீர்ப்பு. ஃபயர்பாக்ஸில் போனால் "குரோமில் வரவும்". அண்ணாச்சி எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டே வந்துவிட்டார். பழையது!

கடுப்பில் எஃப்12 தட்டி அந்தப் பக்கத்தின் உள்ளே இருக்கும் புரோகிராமைப் பார்த்தால், 'குரோம்/' என்பதற்கு அடுத்து இரண்டே இரண்டு எழுத்தை வெட்டி எடுக்கிறது அந்த மகானுபாவரின் ஸ்கிரிப்ட். 138-இல் இரண்டு எழுத்து 13. எண்பதை விடச் சிறியது. கணக்கு சரிதான் சாமி!

குரோம் நூறைத் தொட்டது 2022 மார்ச்சில். அதற்கும் முன்னால், 2009-இல் ஓப்பரா பிரவுசரின் 10-ஆம் வெர்ஷன் வந்தபோது முதல் இலக்கத்தை மட்டும் படித்து '1' என்று விரட்டினார்கள். பாவம், அது 9.80 என்றே சொல்லிக்கொண்டு திரிந்தது. யாருக்காவது புத்தி வந்ததா?

அந்த யூசர் ஏஜென்ட் வரியே ஒரு புளுகு மூட்டை. இப்போது முக்கியமான எல்லா பிரவுசரும் 'மொஸில்லா/5.0' என்றுதான் ஆரம்பிக்கும். குரோம் தன்னை சஃபாரி என்றும் சொல்லிக்கொள்ளும். குரோம் 101-லிருந்து முதல் எண்ணுக்கு அப்புறம் வெறும் 0.0.0 தான். துல்லியமான வெர்ஷன் வேண்டுமென்றால் யூசர்ஏஜென்ட்டேட்டா என்கிற பிரவுசர் வசதியிடம் தனியாகக் கேட்கணும். ஃபயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் அது கிடையாது. சரி, பேரும் அட்ரஸும் போட்டோவும் வாங்குகிற ஃபாரத்துக்கு வெர்ஷன் எதுக்குய்யா? ராக்கெட்டா விடப்போறோம்?

கடைசியில் யூசர் ஏஜென்டை 'குரோம்/99' என்று மாற்றி வைத்தேன். ராஜ மரியாதையோடு திறந்தது.

"பழைய மாடலா மாத்துனாத்தான் எடுக்கும் போல" என்றார் அண்ணாச்சி. சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடிக்கவில்லை, வாசலில் இன்னொருவர். "தம்பி, மூணு மணி ரிசல்ட் வந்துட்டா?" லாட்டரி வாங்குவது கேரளாவில் இருக்கும் ஆரியங்காவில், ரிசல்ட் பார்க்க மட்டும் செங்கோட்டையில் என் சென்டர். பிரிண்ட் எடுத்தாலாவது காசு வரும். நம்பரையெல்லாம் நான் வாசிக்கணுமாம், அதுவும் சத்தமா.