தரங்கம்பாடி ரயில் பாதை: கட்டடம் போனது போகட்டும், நிலத்தையாவது காப்பாற்றுங்கள்

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்குப் பேருந்தில் போகும்போது ஜன்னலோர இடம் கிடைத்தால் என் கண் தானாகவே பழைய ரயில் பாதையைத் தேட ஆரம்பித்துவிடும். வயலுக்கு நடுவே வரப்பை விட உயரமாக ஒரு மண்மேடு நூல் பிடித்தது போலப் போகும். மேலே முழுக்க சீமைக்கருவேலம். ஒரு வாய்க்கால் வந்ததும் மேடு சட்டென்று நின்றுவிடும். இந்தக் கரையில் ஒரு செங்கல் தூண், அந்தக் கரையில் ஒரு செங்கல் தூண், நடுவில் ஒன்றுமில்லை.

1926-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் அகலம். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, தரங்கம்பாடி. சுமார் 30 கிலோமீட்டர்தான். 1986-ல் நிறுத்திவிட்டார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு ஊர் ஊராக ஜனங்கள் வரும் திருக்கடையூர் வழியாக ஓடிய ரயில், தன் அறுபதாவது வயதில் நின்றுபோனது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் அந்தப் பாதையில் ஒரு சின்ன ரயிலடிக்குள் போய்ப் பார்த்தேன். ஓடு இல்லை, உத்திரம் இல்லை, கதவு நிலையைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். டிக்கெட் கொடுக்கும் அரைவட்டத் துவாரம் மட்டும் சுவரில் அப்படியே இருந்தது. துவாரத்தின் அடிப்பக்கக் கல் நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. சில்லறையைத் தள்ளித் தள்ளித் தேய்ந்த குழி. அதில் விரலை வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. பிளாட்பாரம் இருந்த இடத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

நஷ்டம், பேருந்து வந்துவிட்டது, ஆள் ஏறவில்லை. கிளைப் பாதைகளை மூடும்போது எங்கேயும் சொல்லும் காரணம் இதுதான். பேருந்து வந்தது உண்மை. ஆனால் இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. பொறையாற்றில் ஏறி மாயவரத்தில் வண்டி மாறிச் சென்னைக்குப் போகிறவர் கிளைப் பாதைக்குக் கொடுப்பது கொஞ்சம் காசு, மெயின் லைனுக்குக் கொடுப்பது நிறைய. கிளையை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போட்டால் எந்தக் கிளையும் நஷ்டம்தான். வாய்க்காலை மூடிவிட்டு ஆற்றில் தண்ணீர் இருக்கிறதே என்று சொல்வது போல இது.

காலமும் கைகொடுக்கவில்லை. நாடு முழுக்க மீட்டர் கேஜை அகலப்பாதையாக மாற்றும் திட்டம் 1992-ல் வந்தது. இன்னும் ஆறு வருடம் தாக்குப்பிடித்திருந்தால் நம்ம பாதையும் அந்த வரிசையில் நின்றிருக்கும். திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி பாதையைப் பாருங்கள். அதுவும் உப்பளத்தை நம்பி ஓடிய சின்னக் கிளைதான். 2004 வரை உயிரோடு இருந்தது, அகலப்பாதையாகி 2023-ல் திரும்ப ஓடுகிறது.

சரி, மூடினால் எல்லாம் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. பல வருடம் ரயிலே இல்லாமல் கிடந்த மன்னார்குடிக்கு 2011-ல் ரயில் திரும்ப வந்தது. 1980-களில் மூடிய பேரளம்–காரைக்கால் தடத்தில் இப்போது புதுத் தண்டவாளம் கிடக்கிறது. இரண்டும் நம்ம டெல்டாவில்தான். பழைய தடத்துக்கு நிலம் இருந்ததால்தான் இது முடிந்தது. இன்றைக்குப் புதிதாக முப்பது கிலோமீட்டருக்கு நஞ்சை நிலம் எடுக்கக் கிளம்பினால் எத்தனை வழக்கு, எத்தனை வருடம், எத்தனை விவசாயிகளின் வயிற்றெரிச்சல்!

அதனால்தான் சொல்கிறேன். ரயிலடிக் கட்டடங்கள் இடிந்தது வருத்தம்தான், ஆனால் கட்டடத்தை ஆறு மாதத்தில் கட்டிவிடலாம். அந்த நீளமான நிலம் துண்டு துண்டாகிப் போனால் திரும்பக் கிடைக்காது. நடுவில் அரை ஃபர்லாங்கு, அதாவது சுமார் நூறு மீட்டர், விட்டுப்போனாலும் மீதி இருபத்தொன்பது கிலோமீட்டரும் வெறும் மேடுதான். ஏற்கெனவே சில இடங்களில் வீடு வந்துவிட்டது. அங்கே இருக்கும் ஏழைகளை விரட்டச் சொல்லவில்லை, அவர்களுக்கு மாற்று இடம் கொடுத்துவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். மிச்சமிருப்பதை இன்றே அளந்து கல் நட வேண்டும். ரயில் வரும்வரை மிதிவண்டிப் பாதையாக விட்டாலும் போதும். ஆள் நடமாட்டம் இருந்தால் தடம் அழியாது.

மாயவரம் தனி மாவட்டமாகியும் சில வருடங்கள் ஆகிவிட்டன. தரங்கம்பாடிக் கோட்டைக்கும் திருக்கடையூர்க் கோயிலுக்கும் வருகிற கூட்டம் அத்தனையும் ஒரே சாலையில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. பாதையைத் திரும்பக் கேட்டு இத்தனை வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மனுவில் ரயிலைக் கேட்பதற்கு முன்னால் நிலத்தின் கணக்கைக் கேளுங்கள். எந்தக் கிராமத்தில் எந்த சர்வே எண், இன்னும் ரயில்வே பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று. செம்பனார்கோயில், ஆக்கூர் பக்கத்து நண்பர்கள் யாராவது கிராம நிர்வாக அலுவலகத்தில் போய், எந்த சர்வே எண் நிலம் யார் பெயரில் என்று சொல்லும் அ-பதிவேட்டைப் பார்க்க முடியுமா? நானும் கூட வருகிறேன்.