நீல இறக்கையைப் பொடித்தால் நீலம் வராது

"வளர்த்த பட்டாம்பூச்சி இறந்ததும் அதன் நீல இறக்கையை உரசிப் பொடியெடுத்தால், ஓவியத்துக்கு இயற்கையான நீல வண்ணம் கிடைக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கிடைக்காதுங்க. நானும் ஆசைப்பட்டு உரசிப் பார்த்தவன்தான். விரலில் ஒட்டியது மங்கலான பழுப்புத் தூள்.

மார்ஃபோ என்ற நீலப் பட்டாம்பூச்சி போன்றவற்றின் பளபளக்கும் நீலம் சாயமே இல்லை. இறக்கைச் செதில்களின் மேல் நுண்ணிய வரப்புகள்; ஒவ்வொரு வரப்பிலும் அலமாரித் தட்டுகள் மாதிரி மெல்லிய அடுக்குகள், நடுவே காற்று. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியில் நீலம் மட்டும் வலுப்பெறுகிறது, மற்றதைக் கீழேயுள்ள கருநிறமி விழுங்கிவிடுகிறது. பொடித்தால் அடுக்கு நொறுங்கும், நீலமும் போய்விடும். நம்பிக்கை இல்லையென்றால், இறந்த மார்ஃபோ இறக்கையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். காற்று இருந்த இடத்தில் திரவம் புகுந்ததும் நீலம் பச்சையாகும். காய்ந்ததும் பழையபடி நீலம்! சாயம் இப்படி விளையாடாது. (மஞ்சள், ஆரஞ்சு பெரும்பாலும் நிஜ நிறமிகள்தான்.)

அந்த மினுமினுப்பு படத்தில் வேண்டுமென்றால் மைக்கா கலந்த மினுக்கு வண்ணம் வாங்குங்கள். முதலில் கறுப்பு பூசி, காய்ந்த பிறகு அதன்மேல் மெல்லிசாகத் தீட்டுங்கள். வெள்ளைத் தாளில் நேரடியாகத் தீட்டினால் அழுதுவடியும்.

அப்புறம், பட்டாம்பூச்சி கூட்டிலிருந்து வந்ததும் "ரத்தம் சொட்டியது" என்றீர்களே, அது ரத்தமில்லை. கூட்டுப்புழுப் பருவத்தில் சேர்ந்த கழிவு, செந்நிறமாக வருவது சகஜம். பெட்டியின் அடியில் டிஷ்யூ தாள் விரித்தால் போதும். இறக்கை விரிந்து காயும்வரை மட்டும் தொடாதீர்கள்.