மூன்றுபடி மாவு

மாவு புளிப்பதைப் பற்றிய கட்டுரை ஒன்றை வாசித்தேன்; அதிலிருந்து பொறுமையைக் கற்றுக்கொள்ளலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியே. ஆனால் மத்தேயு 13:33-இல் இயேசு சொன்ன புளித்த மாவின் உவமையில் (பரலோகராஜ்யம், ஒரு பெண் மாவு முழுவதும் புளிக்கும்வரை அதில் அடக்கிவைத்த புளித்த மாவைப் போன்றது என்கிறார்), பொறுமையைவிட அளவுதான் என்னை யோசிக்க வைக்கிறது. நம் வேதாகமத்தில் ‘மூன்றுபடி மாவு’ என்று வாசிக்கும்போது அன்றாடச் சமையலுக்கான அளவாகவே தோன்றும். ஆனால் மூலமொழியான கிரேக்கத்தில் உள்ள ‘சாத்தோன்’ என்ற அளவு ஒன்றுக்குச் சுமார் 13 லிட்டர் என்பதால், அந்தப் பெண் புளிக்கவைத்தது ஒரு தெருவுக்கே விருந்து வைக்கக்கூடிய ஏறத்தாழ 40 லிட்டர் மாவு. கோடை இரவில் கரைத்துவைத்த இட்லி மாவு விடியற்காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பு மேடையில் வழிந்திருப்பதைத் துடைக்கும்போதெல்லாம் (சலித்துக்கொண்டுதான் துடைக்கிறேன்) அந்தப் பெண்ணின் நினைவு வருகிறது. அதே புளிப்பை 1 கொரிந்தியர் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் பாவத்துக்கு உருவகமாக்குவதையும் கட்டுரை தொட்டிருக்கலாம்.