பேட்ரிக் எழுதிய கோபக் கடிதம்

புனித பேட்ரிக் திருநாளான மார்ச் 17 வந்தாலே, அவர் அயர்லாந்திலிருந்து பாம்புகளை விரட்டிய கதை வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். பனியுகத்துக்குப் பிறகு அந்தத் தீவில் பாம்பு இருந்ததாகத் தடயமே இல்லை. மூவிலைச் செடியைக் காட்டி ஒரே கடவுள் மூன்று ஆட்களாக இருப்பதை விளக்கினார் என்ற கதையும் அவர் காலத்துக்கு ரொம்பப் பின்னால் வந்ததுதான். 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த மனிதர் லத்தீனில் எழுதிய இரண்டு எழுத்துகள் இன்றும் இருக்கின்றன, அவற்றை யாரும் பகிர்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அவர் பிரிட்டன்காரர். அப்பா திருத்தொண்டர் (டீக்கன்), தாத்தா குரு (பாதிரியார்), வீட்டில் வேலைக்கு அடிமைகளே இருந்த வசதியான குடும்பம். 16 வயதில் கொள்ளையர்கள் பிடித்துக்கொண்டுபோய் அயர்லாந்தில் அடிமையாக்கினார்கள். ஆறு வருடம் கால்நடை மேய்த்து, தப்பி ஓடி ஊர் வந்து சேர்ந்தவர், பிற்பாடு ஆயராக (பிஷப்பாக) அதே நாட்டுக்குத் திரும்பிப் போனார். கோயில் பிரசங்கமான மறையுரைகளில் இதுவரை சொல்வார்கள், மன்னிப்புக்கு எடுத்துக்காட்டு என்று முடித்துவிடுவார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். கொரோட்டிகஸ் என்ற பிரிட்டன் சிற்றரசனின் படைவீரர்கள், அவர்களும் பெயருக்குக் கிறிஸ்தவர்கள்தான், அயர்லாந்தில் பேட்ரிக் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுத்த மக்கள்மேல் பாய்ந்தார்கள். திருமுழுக்கின் வெள்ளை உடைகூடக் களையாத, நெற்றியில் பூசிய தைலத்தின் மணம் போகாத புதுக் கிறிஸ்தவர்கள் அவர்கள். சிலரை வெட்டிக் கொன்றார்கள், மற்றவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாளே, சிறுவயதிலிருந்து தான் வளர்த்துப் படிப்பித்த ஒரு குருவிடம் கடிதம் கொடுத்து, பிடித்துப் போனவர்களை விடச் சொல்லி அனுப்பினார் பேட்ரிக். கேலி செய்து சிரித்தார்கள்.

அதன்பிறகு எழுதியதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் கடிதம். அதில் மழுப்பல் ஒரு வரிகூட இல்லை. இந்தப் படைவீரர்களை என் நாட்டவர் என்று சொல்லமாட்டேன் என்கிறார். பிடித்தவர்களை விடுவித்து, கண்ணீரோடு மனந்திரும்பும்வரை இவர்களோடு யாரும் உண்ணக் கூடாது, குடிக்கக் கூடாது, இவர்கள் தரும் தர்மத்தையும் வாங்கக் கூடாது என்கிறார். நாங்கள் அயர்லாந்துக்காரர்கள் என்பதுதான் இவர்களுக்கு இளக்காரம் என்றும் எழுதுகிறார். கவனியுங்கள், "நாங்கள்" என்கிறார். தன்னை அடிமையாக்கிய மக்களோடு தன்னைச் சேர்த்துக்கொண்டு, தன் சொந்த ஊர்க்காரர்களை எதிர்த்து நிற்கிறார்.

தன் வரலாற்றைச் சொல்லும் மற்ற நூலில், எல்லாரையும்விட அதிகம் துன்பப்படுவது அடிமைப் பெண்கள்தான் என்று தனியாகக் குறிப்பிடுகிறார். இதெல்லாம் வெறும் இரக்கத்தில் வருவதில்லை, ஆறு வருடம் அடிமையாக இருந்தவனுக்குத்தான் இது கண்ணில் படும்.

பங்குத் தந்தையர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அடுத்த மார்ச் 17 திருப்பலியில் அந்தக் கடிதத்தின் சில பத்திகளையாவது மறையுரையில் வாசியுங்கள். சின்னக் கடிதம்தான், முழுசாக வாசித்தாலும் அதிக நேரம் ஆகாது.