குடும்பம் மாதிரியாம்!

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஐஸ்லாந்தில் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் தலைமையைக் கேள்வி கேட்ட செய்தியை எடுத்துவைத்துக்கொண்டு, நம் கல்வி ஆலோசகர் ஐயா ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள். "மொத்தமே முப்பது, நாப்பது வாத்தியாருங்க. குடும்பம் மாதிரி இருக்கற இடம். அதுல ஒரு சங்கம், ஒரு தீர்மானம்! வீட்டுச் சண்டைய வீதிக்குக் கொண்டுவந்துட்டாங்க." நெறியாளரும் கூடச் சேர்ந்து சிரித்தார். திரையில் இதயம் இதயமாகப் பறந்தது.

பல்கலைக்கழகம் குடும்பம் இல்லை ஐயா. சின்னதாக இருந்தாலும் இல்லை. சின்னதாக இருந்தால் இன்னும் இல்லை.

முதலில் அந்த ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு பேசலாம். ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நான்கு லட்சத்தைத் தொடவில்லை. அதற்குள் 7 பல்கலைக்கழகங்கள். நான்கு அரசுடையவை, மூன்று தனியார். பெரியது தலைநகர் ரெய்க்யவிக்கில் இருக்கும் ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகம், 1911-இல் தொடங்கியது. வடக்கே ஆக்குரேரியில் இருப்பது 1987-இல் வந்தது. பிஃப்ரஸ்ட் பல்கலைக்கழகம் கூட்டுறவு இயக்கத்தார் 1918-இல் ரெய்க்யவிக்கில் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி. 1955-இல் அதை எரிமலைக் குழம்பு உறைந்த பரப்புக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார்கள். ஹோலர் என்று ஒன்று இருக்கிறது. 1106-இலிருந்து ஆயர் பீடம், 1584-இல் முதல் ஐஸ்லாந்து மொழி பைபிள் அச்சான இடம், 1882-இலிருந்து விவசாயப் பள்ளி, இப்போது பல்கலைக்கழகம். மூன்றே துறைகள்: குதிரையியல், மீன்வளர்ப்பு, ஊரகச் சுற்றுலா. இதைத்தான் ஐயா "பெரிய டுடோரியல்" என்றார். 'ஆர்க்டிக் சார்' (Arctic char) என்ற குளிர்நீர் மீனுக்குத் தலைமுறை தலைமுறையாக இனத்தேர்வு செய்து, பண்ணைகளுக்குக் குஞ்சு வளர்க்க வழிசெய்த இடம் டுடோரியலாம். போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். சின்ன இடத்தில் என்னதான் பிரச்சினை?

ஒரே ஆளுக்கு நான்கு தொப்பி. அதுதான் பிரச்சினை. பெரிய இடத்தில் துறைத் தலைவர் ஒருவர், நெறிக்குழுவில் வேறொருவர், தரக் கட்டுப்பாட்டுக்கு இன்னொருவர் என்று இருப்பார்கள். சின்ன இடத்தில் துறைத் தலைவரே பாடத்திட்டக் குழுவில், அவரே நேர்காணல் குழுவில், அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர் நெறிக்குழுவில். எல்லாரும் நல்லவர்கள்தான். நல்லவர்களாக இருப்பதை நம்பி நிர்வாகம் நடத்த முடியாது என்பதால்தான் சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஐஸ்லாந்தின் நிர்வாகச் சட்டம் 37/1993, அதாவது 1993-ஆம் ஆண்டின் 37-ஆம் சட்டம். அதன் 3-ஆம் பிரிவு, ஒரு விவகாரத்தில் யார் முடிவெடுக்கத் தகுதியற்றவர் என்று சொல்கிறது: சம்பந்தப்பட்டவர், அவருடைய உறவினர், பாரபட்சமற்றவரா என்று நியாயமாகச் சந்தேகிக்க இடமிருப்பவர். 10-ஆம் பிரிவு, முடிவெடுக்கும் முன் விவகாரத்தை முழுதாக ஆராயச் சொல்கிறது. 12, தேவைக்கு மீறிய கடுமை கூடாது. 13, பாதிக்கப்படப்போகிறவர் பேசிவிட்ட பிறகுதான் முடிவு. 15, அவர் கோப்பைப் பார்க்கலாம்.

இப்போது ஒரு கணக்கு. முப்பது ஆசிரியர்கள் என்றே வைத்துக்கொள்வோம், ஐயா சொன்ன எண்ணிக்கைதான். ஒருவர் இன்னொருவர் மேல் புகார் கொடுக்கிறார். இரண்டு பேர் போனார்கள். இருவரோடும் கட்டுரை எழுதியவர்கள் ஆறேழு பேர். ஒரே முதுகலை மாணவரை இவர்களோடு சேர்ந்து வழிநடத்தியவர்கள் நான்கு பேர். கணவன் மனைவி இருவருமே அங்கே வேலை பார்ப்பவர்கள் இரண்டு ஜோடி. ஊரே ஒரு பள்ளத்தாக்கு, அங்கே வேலை கிடைத்தால் ஜோடியாகத்தான் குடிபெயர்வார்கள். புகார் கொடுத்தவரின் பதவி உயர்வைப் பரிசீலித்தவர்கள் மூன்று பேர். மிச்சமிருப்பதில் பாதிப்பேர் அதே துறைத் தலைவரின் கீழ் வேலை செய்கிறவர்கள். விசாரிக்க யார் இருக்கிறார்கள்? வெளியிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டும். வேறு வழியே இல்லை. பணியிடக் கொடுமைப் புகார்களைக் கையாள 2015-இலேயே தனி ஒழுங்குவிதி வந்துவிட்டது. எழுத்தில் திட்டம் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை. உள்ளுக்குள் முடியாதபோது வெளியார் வல்லுநரை அழைப்பது அங்கே சாதாரணம்.

ஆனால் வெளியாள் வந்தால் செலவு. செலவு என்றதும் "நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாமே" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குப் பெயர்தான் குடும்பம் மாதிரி.

எனக்குத் தெரிந்த ஒருத்தி, ஐஸ்லாந்துக்காரி இல்லை, வேறொரு நாட்டிலிருந்து அங்கே போனவள். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பணிப்பங்கீடு பற்றி முறைப்படி ஒரு கடிதம் கொடுத்தாள். பெரிய பல்கலைக்கழகத்தில் முழுநேர ஆசிரியருக்குக் கற்பித்தல் 48%, ஆராய்ச்சி 40%, நிர்வாகம் 12% என்று ஒரு வழக்கமான பங்கீடு உண்டு. அவளுக்குக் கற்பித்தலே எண்பதைத் தாண்டியிருந்தது. ஆராய்ச்சிக்கு நேரமில்லை என்றால் கட்டுரை இல்லை, கட்டுரை இல்லையென்றால் ஆராய்ச்சி மதிப்பீட்டில் புள்ளி இல்லை, புள்ளி இல்லையென்றால் பதவி உயர்வு இல்லை. அதைத்தான் மரியாதையாக எழுதியிருந்தாள். நான்கு நாளில் பதில் வந்தது: "தங்கள் கடிதம் கிடைத்தது, பரிசீலிக்கப்படும்." கீழே கையெழுத்து, யார் மேல் அந்தக் கடிதமோ அவருடையது. அந்த வாரம் ரெக்டர், நம் ஊர்த் துணைவேந்தர் மாதிரி, வெளியூரில். பொறுப்பு இவர் கையில். சட்டப்படி ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, வெறும் ரசீதுதானே. அவள் அந்தக் கையெழுத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தாள். அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

மதியம் சாப்பாட்டுக்கு அங்கே ஒரே ஒரு நீள மேசை. இருவரும் அதில்தான் உட்கார வேண்டும்.

"அங்கதான் எல்லாரும் ரெக்டரையே பேர் சொல்லிக் கூப்பிடறாங்களே, என்ன அதிகாரம் இருக்கப் போகுது?" என்று ஒரு நண்பர் நேற்றிரவு கேட்டார். உண்மைதான், கூப்பிடுகிறார்கள். ஐஸ்லாந்தில் தொலைபேசிப் புத்தகமே முதற்பெயர் வரிசையில்தான் அச்சடித்தார்கள். குடும்பப்பெயர் பெரும்பாலோருக்குக் கிடையாது, அப்பா பெயரோ அம்மா பெயரோ பின்னால் ஒட்டும். நம் இனிஷியல் முறைக்குக் கிட்டத்தட்ட பங்காளி. மாலையில் ஊர் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு நீரில் ரெக்டர், மீனவர், உங்கள் பல் மருத்துவர் எல்லாரும் ஒன்றாக ஊறுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதாலேயே அதிகாரம் காணாமல் போய்விடுமா? உங்கள் வேலைநீட்டிப்பில் கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரே வெந்நீரில் உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தொட்டியில் உங்களுக்குப் பேச்சு வருமா? எனக்கு வராது.

சரி, பல்கலைக்கழகத்தை ஆளும் மன்றத்திடம் போகலாமே என்பார்கள். போகலாம். அரசுப் பல்கலைக்கழகச் சட்டம் 85/2008-இன்படி அரசுப் பல்கலைக்கழகங்களில் ரெக்டரை அமைச்சர் 5 ஆண்டுக்கு நியமிக்கிறார், மன்றத்தின் பரிந்துரைப்படி. 5,000 மாணவர்களுக்குக் குறைவான இடத்தில் அந்த மன்றத்தில் 7 பேர்: ரெக்டர், பல்கலைக்கழகச் சமூகத்தின் சார்பில் 2 பேர், மாணவர் 1, அமைச்சரின் ஆள் 1, இவர்கள் சேர்ந்து வெளியிலிருந்து தேர்ந்தெடுக்கும் 2 பேர். மன்றத்தின் தலைவர் யார்? ரெக்டர். ரெக்டர் மேல் புகார் என்றால் அவர் எழுந்து வெளியே போக வேண்டும், போவார். மிச்சம் ஆறு பேரில் ஆசிரியர் குரல் அதிகபட்சம் இரண்டு. அந்த இருவரும் நாளைக்கு அதே ரெக்டரிடம் விடுப்பு கேட்க வேண்டியவர்கள்.

பெரிய பல்கலைக்கழகத்திலாவது ரெக்டரைத் தேர்ந்தெடுக்க எல்லாரும் ஓட்டுப் போடுகிறார்கள். மாணவர் ஓட்டுக்கே 30% எடை. 2025-இல் இரண்டாம் சுற்றுவரை போனது. சின்ன இடங்களில் பெரும்பாலும் விளம்பரம், விண்ணப்பம், மன்றத்தின் தேர்வு. நான் தேர்தல்தான் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. ஆக்குரேரியின் முதல் ரெக்டர் ஹரால்தூர் பெஸ்ஸாசன் கனடாவில் மனிடோபாவில் பேராசிரியராக இருந்தவர். 2024-இல் பொறுப்பேற்ற ஆஸ்லௌக் ஆஸ்கெய்ர்ஸ்டோட்டிர் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக் கல்லூரியிலிருந்து வந்தவர். உள்ளூர் ஓட்டு மட்டும் என்றால் இப்படி வெளியிலிருந்து ஒருவர் ஜெயிப்பது கஷ்டம். (ஐஸ்லாந்துக் குதிரை ஒருமுறை நாட்டை விட்டுப் போனால் திரும்பி வரவே கூடாது, சட்டம். பேராசிரியர்களுக்கு நல்லவேளை அப்படி இல்லை.) ஆனால் ஓட்டு இல்லாத இடத்தில் கேள்வி கேட்கவும் கூடாது என்றால் ஆசிரியருக்கு என்னதான் மிச்சம்? தீர்மானம்தான் மிச்சம். அதைத்தான் போட்டார்கள். அதற்குத்தான் சிரித்தீர்கள்.

இன்னொன்று. இதை நேரலையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கு அரசு ஊழியர் சட்டம் 70/1996 உண்டு. நடத்தை சரியில்லை என்று அனுப்ப வேண்டுமென்றால் முதலில் அவர் பேச வாய்ப்பு, பிறகு எழுத்தில் எச்சரிக்கை, திருந்த அவகாசம், அதன் பிறகுதான் நீக்கம். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் நாடாளுமன்றக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். தனியார் பல்கலைக்கழகத்தில்? அதே லெக்டர் (உதவிப் பேராசிரியர்), அதே டோசென்ட் (இணைப் பேராசிரியர்), அதே பாடம். ஆனால் பொதுத் தொழிலாளர் விதி. அறிவிப்புக் காலத்தைக் கொடுத்துவிட்டால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமே பொதுவாக இல்லை. குறைகேள் அதிகாரிக்கு அங்கே வேலை இல்லை. ரெக்டரை நியமிப்பது நிர்வாகக் குழு. உயர்கல்விச் சட்டம் 63/2006 கல்விச் சுதந்திரத்தை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாகத்தான் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் காரணமே சொல்லாமல் அனுப்பக்கூடிய இடத்தில் அந்தப் பிரிவை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்?

2018-இல் ரெய்க்யவிக்கில் ஒரு தனியார் பல்கலைக்கழக ஆசிரியர் முகநூல் குழுவில் பெண்களைப் பற்றி எழுதியதற்காக வேலையிழந்தார். அவர் எழுதியது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது, அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். வழக்குப் போட்டார், 2019-இல் மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றார். நான் பார்ப்பது அந்த வழியை மட்டும்தான். அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் எச்சரிக்கையில் தொடங்கியிருக்க வேண்டிய பயணம், இங்கே நேராகக் கடைசிப் படியில் தொடங்கியது. இன்றைக்கு நமக்குப் பிடிக்காதவர் போன வழியில்தான் நாளைக்குப் பிடித்தவரும் போவார்.

"ரொம்ப சின்ன நாடு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், இத்தனை விதி சுமை" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதற்கு ஐஸ்லாந்துக்காரர்களே பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆராய்ச்சி நிதிக்கான விண்ணப்பங்களை வெளிநாட்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்புகிறார்கள். பல்கலைக்கழகங்களின் தரத்தை ஆராயும் வாரியத்தில் வெளிநாட்டு வல்லுநர்களை உட்கார வைத்தார்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதால்தான் அப்படிச் செய்தார்கள். பணத்துக்கும் தரத்துக்கும் வெளியாள் வேண்டுமாம், ஒரு விரிவுரையாளரின் மானத்துக்கு மட்டும் வீட்டுப் பெரியவர் போதுமாம்.

"ஆசிரியர்கள் மட்டும் யோக்கியமா?" இல்லை. சோம்பேறிகள் உண்டு, கோஷ்டி உண்டு, வேலையே செய்யாதவரின் பெயரைக் கட்டுரையில் சேர்ப்பதும் உண்டு. விசாரியுங்கள். முறையாக விசாரியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பணக் கஷ்டம் என்ற வாதத்தை மட்டும் கொஞ்சம் ஒத்துக்கொள்கிறேன். ஓராண்டுப் படிப்பு என்றால் 60 கிரெடிட், பணம் அதைப் பிடித்துத்தான் வரும். எட்டு பேர் உட்காரும் வகுப்புக்கும் இருநூறு பேர் உட்காரும் வகுப்புக்கும் நடத்துகிறவர் ஒருவர்தான். ஆனால் வருகிற பணம் ஒன்றல்ல. சின்ன இடத்து ரெக்டர் தூக்கம் வராமல் கிடப்பதில் நியாயம் உண்டு. இணைப்புப் பேச்சு வேறு ஓய்வதே இல்லை. 2008-இல் கல்வியியல் பல்கலைக்கழகம் பெரியதோடு சேர்ந்தது. 2023-இல் ஆக்குரேரியும் பிஃப்ரஸ்டும் பேசத் தொடங்கின. நாளைக்கு நம் துறை இருக்குமா என்று தெரியாதவர்களிடம்தான் ஐயா "குடும்பம்" என்கிறார். எந்தக் குடும்பத்தில் ஐயா நிதிநிலை சரியில்லை என்று அத்தையைக் குறைப்பார்கள்?

நேரலைக்குக் கீழே இதில் கால்வாசியை மட்டும், மரியாதையாக, பிரிவு எண்களோடு எழுதிப் போட்டேன். இன்று காலை போய்ப் பார்த்தால் காணோம். குழு நிர்வாகியிடம் உள்பெட்டியில் கேட்டேன். "நம்ம குரூப் குடும்பம் மாதிரி ப்ரோ, சண்டை வேணாமேன்னுதான்" என்றார்.