சமைப்பவரும் உடன் அமரும்படி ஒரு விருந்துப் பட்டியல்

குடும்பம் முழுவதும் ஒன்றுகூடும் விடுமுறை நாளுக்கு என்ன சமைப்பது என்ற பேச்சு எழுந்தவுடன், பெரும்பாலான வீடுகளில் ஆளுக்கொரு பதார்த்தத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். சித்தப்பாவுக்கு இது பிடிக்கும், பெரியம்மா போன முறையே அதைக் கேட்டார், பிள்ளைகள் இன்னொன்றைத்தான் தொடுவார்கள் என்று பெயர்கள் சேர்ந்துகொண்டே போக, சற்று நேரத்தில் பட்டியல் பத்து வகையைத் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒருவருடைய ஆசை இருப்பதால், எதையும் நீக்க யாருக்கும் மனம் வருவதில்லை. பட்டியல் போடும் வேலையை இந்த முனையிலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சமைக்கிறவர் எல்லோருடனும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவாரா என்ற கேள்விக்குத்தான் முதலில் பதில் காண வேண்டும். அவர் உட்கார முடியாத விருந்தில் எத்தனை வகை இருந்தாலும், என் கணக்கில் அது குடும்ப விருந்து ஆகாது.

வீட்டில் சமைப்பவர் பெரும்பாலும் ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர். பட்டியலில் ஒரு பதார்த்தம் கூடினால் ஒரு முறை கூடுதலாக அடுப்பைப் பற்றவைத்தால் போதும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். அந்த ஒன்றுக்காக நறுக்க வேண்டும், அரைக்க வேண்டும், தனியாக ஒரு பாத்திரம், அதற்கொரு மூடி, ஒரு கரண்டி, பரிமாற ஒரு கிண்ணம், மீந்ததை எடுத்துவைக்க ஒரு டப்பா என்று எல்லாமே கூடுகின்றன. அத்தனையும் கடைசியில் கழுவும் தொட்டிக்குத்தான் வந்து சேர்கின்றன. எனவே பட்டியலில் கடைசி முடிவு சமைப்பவருடையதாகவே இருக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் ஆசையைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால், ‘இதையும் சேர்த்துக்கொள், ஒன்றும் பெரிய வேலை இல்லை’ என்று சொல்லும் உரிமை, அந்த வேலையைத் தானே செய்ய முன்வருகிறவருக்கு மட்டுமே உண்டு.

பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு என்று முடிவானால், அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டரை மணிக்கு அடுப்பு எப்படி இருக்கும்? நான்கு பர்னர் உள்ள அடுப்பில் ஒன்றில் சோறு, ஒன்றில் குழம்பு சூடேறுகிறது, ஒன்றில் பொரியும் எண்ணெய், நான்காவதில் ஏதோ ஒன்று வதங்குகிறது. அந்த நேரம் பார்த்துக் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்று ஒருவர் பாத்திரத்தோடு வந்து நிற்பார்; யாரோ ஒருவருக்கு வெந்நீர் வேண்டியிருக்கும். அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் எத்தனை வகைக்கு நெருப்பு வேண்டும் என்பதே பட்டியலின் உண்மையான அளவுகோல். தாளில் எட்டு வகை இருந்தாலும் கடைசி அரை மணிக்கு இரண்டுக்கு மட்டுமே அடுப்பு தேவைப்பட்டால் அது எளிய விருந்து. ஐந்தே வகை இருந்து ஐந்தும் அதே அரை மணி நேரத்தில் அடுப்பைக் கேட்டால், அந்தச் சமையலறையில் கட்டாயம் எரிச்சலும் கோபமும் பிறக்கும்.

இந்தக் கோணத்திலிருந்து பார்க்கும்போது பதார்த்தங்களே வேறு வரிசையில் நிற்கத் தொடங்குகின்றன. முதல் நாளே செய்துவைத்தால் சுவை கூடுகிறவை சில உண்டு. எலும்பும் சவ்வும் உள்ள இறைச்சியைச் சிறு தீயில் நெடுநேரம் வேகவைக்கும்போது அந்தச் சவ்வு கரைந்து ஜெலட்டினாக மாறிக் குழம்புக்குக் கனம் தருகிறது. ஓர் இரவு குளிர்ந்து இருந்தால் உப்பும் காரமும் துண்டுகளுக்குள் இறங்குகின்றன, மேலே உறைந்து நிற்கும் கொழுப்பை மறுநாள் கரண்டியால் வழித்து எடுக்கவும் முடிகிறது. குளிரவைத்துத் தரும் இனிப்புகள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. பொரிக்கும் பண்டங்களோ இதற்கு நேரெதிர். எண்ணெயிலிருந்து எடுத்த சற்று நேரத்திலேயே உள்ளிருக்கும் ஈரம் மேலே பரவி மொறுமொறுப்பைக் கெடுத்துவிடுகிறது. நேரமாகிறதே என்று வாணலி நிறைய அள்ளிப் போட்டாலோ எண்ணெயின் சூடு இறங்கிப் பண்டம் எண்ணெய் குடிக்கும். ஆகவே சிறு சிறு ஈடாகத்தான் எடுக்க முடியும். இருபது பேருக்கு ஈடு ஈடாகப் பொரிக்கிறவர், மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை அடுப்படியை விட்டு நகர முடியாது. எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும், கடைசி நேரத்தில் சுடச்சுடச் செய்ய வேண்டிய வகை ஒன்றுக்கு மேல் பட்டியலில் இருக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அந்த ஒன்றும் எல்லோரும் விரும்புகிற ஒன்றாக இருக்கட்டும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். நான்கு பேருக்குச் செய்து பழகிய கை பதினாறு பேருக்குச் செய்யும்போது எல்லாவற்றையும் நான்கால் பெருக்கினால் சரியாக வராது. நீர் ஆவியாவது பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்தது; அளவு நான்கு மடங்கானாலும் வாய் அகலம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை என்பதால், பெருக்கி ஊற்றிய நீரில் பெரும்பகுதி அப்படியே தங்கிவிடும். உப்பையும் காரத்தையும் குறைவாகப் போட்டுத் தொடங்கி, சுவைத்துப் பார்த்துக் கூட்டிக்கொள்வதே பாதுகாப்பு. பிரஷர் குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. வீட்டில் இருக்கும் மிகப் பெரிய பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்று பார்க்காமல் பட்டியலை முடிவு செய்தால், ஒரே பதார்த்தத்தை இரண்டு முறை சமைக்க நேரிடும்.

வகைகளைக் குறைத்தால் விருந்தின் சிறப்பே போய்விடுமே என்ற அச்சம் நியாயமானது. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அதன்மீதுள்ள விருப்பம் குறைகிறது என்பதையும், வேறொரு சுவை வந்தால் உண்ணும் ஆவல் மீண்டும் எழுகிறது என்பதையும் பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார்கள். ‘வயிறு நிரம்பிவிட்டது, இனிப்புக்கு மட்டும் இடம் இருக்கிறது’ என்று எல்லா வீட்டிலும் யாராவது சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணிக்கை பற்றிய பாடம் என்று நான் நினைக்கவில்லை. ஒரே மசாலாவில், ஒரே பழுப்பு நிறத்தில், ஒரே பதத்தில் ஆறு வகை வைத்தாலும் நாக்குக்கு அவை ஏறத்தாழ ஒன்றுதான். காரமான ஒன்றுக்குப் பக்கத்தில் புளிப்பான ஒன்று, கெட்டியான ஒன்றுக்குப் பக்கத்தில் நீர்க்க ஒன்று, நெய்யும் எண்ணெயும் மிகுந்த ஒன்றுக்குப் பக்கத்தில் பச்சையாக நறுக்கிய காயோ பழமோ என்று நான்கைந்து வகையை ஒன்றுக்கொன்று மாறுபடும்படி தேர்ந்தெடுத்தால், தட்டு நிறைந்த விருந்தாகவே இருக்கும். இவற்றில் நறுக்கிய காய்க்கும் பழத்துக்கும் அடுப்பே தேவையில்லை. சிறு பிள்ளைகளும் கைகொடுக்கலாம்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது, எல்லாவற்றையும் உண்ண முடியாதவர்களைப் பற்றி. அவர்களுக்காகத் தனியாக ஏதாவது செய்துவிடலாம் என்று பட்டியலின் கடைசியில் சேர்ப்பதுதான் பொதுவான பழக்கம். அதனால் நடப்பது என்னவென்றால், மற்றவர்கள் விருந்து உண்ணும்போது ஒருவர் மட்டும் ஓரமாகத் தனிக் கிண்ணத்தில் உப்புச் சப்பில்லாத ஒன்றை உண்கிறார். சமைப்பவருக்கும் வேலை கூடுகிறது. அவர்களிடமிருந்தே பட்டியலைத் தொடங்கினால் இரண்டு சிக்கலும் தீரும். இறைச்சி உண்ணாதவர் இருவர் வருகிறார்கள் என்றால், இறைச்சி இல்லாத ஒன்றையே எல்லோரும் கேட்டு வாங்கி உண்ணும் முக்கிய வகையாகச் செய்யலாம். பல் கட்டிய பாட்டி, மெல்ல முடியாத துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் யாரும் பார்க்காதபடி ஒதுக்கிவைப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவருக்கென்று தனியாகக் குழைத்துத் தருவதைவிட, முக்கிய வகைகளில் ஒன்றாவது விரலால் அழுத்தினாலே மசியும் பதத்தில் இருக்கும்படி தேர்ந்தெடுப்பது அவருக்கு மரியாதை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் நான்கு இனிப்புகளை வரிசையாக வைத்துவிட்டு, ‘நீங்கள் தொடக் கூடாது’ என்று கண்காணிப்பதில் எந்த அன்பும் இல்லை. ஓர் இனிப்பு போதும், அதையும் சிறு கிண்ணங்களில் அளவாக வைக்கலாம். உப்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். வளர்ந்த ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே உட்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பல வகைகள் உள்ள விருந்தில் ஒவ்வொன்றிலும் சற்று தூக்கலாகப் போட்டால், ஒரே வேளையில் அந்த அளவு கடந்துவிடும்.

ஒவ்வாமையை இவற்றோடு சேர்த்து எண்ணக் கூடாது. வேர்க்கடலை, பாதாம், முந்திரி போன்ற பருப்புகள், எள், பால், முட்டை, மீன், இறால், நண்டு, கோதுமை, சோயா ஆகியவை ஒவ்வாமையை உண்டாக்கும் உணவுகளில் முதன்மையானவை. ஒவ்வாமை கடுமையாக உள்ளவருக்குச் சிறு துணுக்கே உயிருக்கு ஆபத்தாகலாம். அவருக்கு வேறு வகை இருக்கிறது என்று சமாதானம் சொன்னால் போதாது. வேர்க்கடலை போட்ட பாத்திரத்தின் கரண்டி அடுத்த பாத்திரத்துக்குள் போய்விட்டால் அந்தச் சமாதானம் உதவாது. அந்தப் பொருளை அன்றைய பட்டியலிலிருந்தே விலக்கிவிடுவதுதான் சரி. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும், தேன் சேர்த்த பண்டமும் தரவே கூடாது. நான்கைந்து வயது வரையிலான பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் முழுப் பருப்புகளும் முழுத் திராட்சையும் இருக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். யாருக்கு என்ன ஆகாது என்பதை வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. சாப்பிட அமர்ந்த பிறகு சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் பலர்.

இத்தனை கணக்குக்குப் பிறகும், கணக்குப் பார்க்காமல் வைத்துக்கொள்ள வேண்டிய பதார்த்தம் ஒன்று உண்டு. எவ்வளவு மெனக்கெட வேண்டியிருந்தாலும் அது இல்லாமல் அந்த நாள் நிறைவடையாது என்று குடும்பமே நினைக்கிற ஒன்று. அதை எந்தக் காரணத்துக்காகவும் நீக்க வேண்டாம். அதற்காக மற்ற இரண்டை விட்டுவிடலாம். அதைச் செய்யத் தெரிந்தவர் ஒரே ஒருவர் என்றால், அன்று அவர் பக்கத்தில் இளையவர் ஒருவர் நின்று, எந்த நிறத்தில் அடுப்பைக் குறைக்கிறார், எந்த வாசனை வரும்போது இறக்குகிறார் என்று பார்த்துக்கொள்ளட்டும். எழுதிவைத்த அளவுகளில் இவை வருவதில்லை. இதுவரை செய்தே பார்க்காத புதிய வகைக்கு விருந்து நாள் ஏற்றதன்று. முன்பே ஒரு முறை சிறிய அளவில் செய்து பார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்க்கலாம்.

மீந்துபோவதையும் பட்டியல் போடும்போதே நினைக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு வகையையும் எல்லோருக்கும் முழு வயிற்றுக்கு வரும்படி சமைப்பது இதற்கு ஒரு காரணம். ஆறு வகை இருக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒருவர் எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. சோற்றில் இன்னும் கவனம் தேவை. வேகவைத்தும் சாகாத ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் அதில் இருக்கக்கூடும், அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. ஆகவே சாப்பாடு முடிந்ததும் நெடுநேரம் பேசிக்கொண்டிருக்கப் போகிறோம் என்பது தெரிந்தால், மீந்ததை அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் மாற்றிச் சீக்கிரமே ஃப்ரிட்ஜில் வைக்கிற பொறுப்பைச் சமைக்காத ஒருவரிடம் முன்பே ஒப்படைத்துவிடுங்கள்.

வருகிறவர்கள் என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டால், ‘ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்’ என்று சொல்லிவிடுகிறோம். ஒன்றைச் சொல்லிக் கேட்பதே மேல். பழம், நறுக்கிய காய், குளிர்பானம், கடையில் வாங்கிய இனிப்பு என்று வந்தவுடன் அடுப்பைக் கேட்காத ஒன்றாக அது இருக்கட்டும்; ‘வந்து சூடாக்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லிக் கொண்டுவருவது கடைசி அரை மணி நேரத்தில் ஒரு பர்னரைப் பிடித்துக்கொள்ளும். சமைக்கத் தெரியாதவர்கள் கழுவும் வேலையை முழுமையாக ஏற்கலாம்.

பட்டியலை விருந்துக்கு மூன்று நாள் முன்பே முடித்துவிட வேண்டும். உறைந்த இறைச்சியை வெளியே வைத்து உருகவிடாமல் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தே உருகவைக்க, இரண்டு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஐந்து கிலோ முழுத்துண்டு என்றால் இரண்டரை நாள். வாங்க வேண்டியவை, முதல் நாள் செய்ய வேண்டியவை, யார் எதைச் செய்வது என்று மூன்றையும் அதே தாளில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டிவிடலாம். அதற்குப் பிறகு வரும் ஆசைகளை, யார் கேட்டாலும், அடுத்த முறை கூடும்போது செய்வதற்கென்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்; இந்தத் தாளில் சேர்க்க வேண்டாம்.