சாப்பிட்டியா என்று கேட்டவன்

ஃபோனில் பழகியவனை நம்பி வீட்டை விட்டுப் போன பிள்ளையைப் பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அங்கே நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று ஒட்டுக்கடையில் பசியாறும்போது பின்மேசையில் ஒருவர், "வளர்ப்பு சரியில்லீங்க, வேற என்ன?" என்றார். ரொட்டி சானாய் தொண்டையில் இறங்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு 14 வயது. அம்மாவுக்கு ஃபேக்டரியில் 12 மணி நேர ஷிப்ட். பள்ளி விட்டு வந்தால் பூட்டிய வீடு. அவளிடம் தினமும் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டது ஃபோனில் இருந்த அந்த ஒருவன்தான். நம்மில் யாராவது கேட்டோமா? அவள் ஆசைக்குப் போனாள் என்கிறீர்கள். கேட்க ஆள் இருந்த இடத்துக்குப் போனாள் என்கிறேன் நான்.

இவன்களெல்லாம் முதல் நாளே படம் கேட்பதில்லை. கேமில் டைமண்ட் வாங்கித் தருவான். அம்மா திட்டிய அன்று ஆறுதல் சொல்வான். "உங்க அம்மாவுக்கு உன்னைப் புரியாது, இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்பான். அந்த ரகசியம்தான் கயிறு. படம் அப்புறம், மிரட்டல் அதற்கும் அப்புறம். பையன்களுக்கும் இதே கதைதான், ஆனால் அவர்கள் வாயே திறப்பதில்லை. நம் மலேசியாவில் 2017இல் வந்த, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தில் 12ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பாலியல் குற்றம் செய்யும் நோக்கத்தோடு பிள்ளையிடம் பேசிப் பழகுவதே குற்றம், தொட்டிருக்கவே வேண்டாம். 5 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. பேசி மயக்கியவனுக்குத்தான் தண்டனை, மயங்கிய பிள்ளைக்கு இல்லை. மண்டபத்தில் எல்லாமே தலைகீழ்.

"ஃபோனை ஏன் வாங்கிக் கொடுத்தார்கள்?" 2020இல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது பாடம் எதில் வந்ததாம்? அப்போது ஃபோன் இல்லாத வீட்டைத்தானே இளப்பமாகப் பேசினோம்! வீட்டிலும் தவறு இருக்காதா என்றால், இருக்கலாம். சரி, விடுங்கள்.

"நாங்களெல்லாம் லயத்தில் வளரவில்லையா?" வளர்ந்தோம். எனக்கு 15 வயதில், தோட்டத்தில் இன்னும் பால்மரம் நின்ற காலம், பத்திரிகையின் பேனா நண்பர் பகுதியைப் பார்த்து ஈப்போவிலிருந்த ஓர் 'அண்ணனுக்கு' எழுதினேன். இரண்டாவது கடிதத்திலேயே ஃபோட்டோ கேட்டார். மூன்றாவது என் கைக்கு வரவில்லை. தோட்டத்து ஆபீஸ் எழுத்தர், கிராணி என்போம், உறையைப் பார்த்துவிட்டு என் பாட்டி ஆயாவிடம் கொடுக்க, எழுதப் படிக்கத் தெரியாத ஆயா அதை அப்படியே அடுப்பில் போட்டுவிட்டாள். மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். அந்த அண்ணன் என் கையெழுத்தைப் பாராட்டியிருந்தார். அதுவரை யாரும் பாராட்டியதில்லை. அந்த வரி இன்றும் மனப்பாடமாக இருக்கிறது, என்ன செய்ய? நான் கெட்டிக்காரி என்பதால் தப்பவில்லை. கடிதத்துக்கும் எனக்கும் நடுவில் இரண்டு பேர் இருந்தார்கள். தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு நடுவில் யார் இருக்கிறார்கள்?

தீர்மானம் போட்டாகிவிட்டதாம். தன்முனைப்புப் பேச்சாளரை அழைத்து இரண்டு மணி நேர உரை, முடிந்ததும் மீஹூன் பொட்டலம். பிரமாதம். அரசாங்கத்தின் உதவித் தொலைபேசி 'தாலியான் காசே' எண் 15999, 24 மணி நேரமும் கூப்பிடலாம் என்று மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை.

எனக்கு ஆறாதது இதுதான். "உன் படத்தை ஊருக்கே அனுப்புவேன்" என்றுதான் அவன் மிரட்டினானாம். கோல சிலாங்கூர் பஸ் நிலையத்திலிருந்து பிள்ளையைக் கூட்டி வந்த அன்றிரவே, பள்ளிச் சீருடையில் அவள் நிற்கும் படம், கீழே நாலு வரி புத்திமதியோடு, நம் வாட்சாப் குழுவுக்கு வந்துவிட்டது. எந்தப் படமாக இருந்தால் என்ன, அவன் சொன்னதை நாம் செய்து முடித்தோம். கைகூப்பும் எமோஜி போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு, அவர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நேற்று இரவு 11 மணிக்குப் பார்த்தேன், படம் அங்கேயே இருக்கிறது. அட்மின் அண்ணே, உங்களுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அழித்துவிடுங்கள்.